வாசித்தவர், எழுதியவர்

கொக்குவில், யாழ்ப்பாணம்
2 பெப்ரவரி 2025

மச்சான் இரத்தினம்,

உன் தங்கையும் நானும் சுகமாக இருக்கிறோம், என் வலது கண்ணைத் தவிர. அதில் புரை வளர்கிறது. உன் முழங்கால் இப்போது படி ஏறவிடுகிறதா என்று விஜிதா கேட்கச் சொன்னாள்.

போனில் கதைத்தால் பத்தாவது நிமிடம் நாமிருவரும் சண்டையில் நிற்கிறோம். அதனால்தான் தாளை எடுத்தேன். கடிதமென்றால் திட்டு வாங்குவதற்கும் மூன்று கிழமை அவகாசம் கிடைக்கும்.

கொக்கிப்புழுப் புத்தகத்தை இந்த வருடமாவது முடித்துவிடப் போகிறேன். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்கக் கோடீஸ்வரன் ஒருவனின் தரும நிதி நமது தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த கதை. தொழிலாளர் வரிசை வீடுகளில், லயம் லயமாகப் புழு மருந்து கொடுத்து, மலசலகூடம் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடல் கடந்து அறிக்கை அனுப்பினார்களே, அது. ஒன்பது அதிகாரம் முடிந்தது. ஐந்தாவதில் மட்டும் ஓட்டை. தோட்டத்தில் மருந்து கொடுத்த அப்போத்திக்கரி பஸ்தியாம்பிள்ளையின் கடிதம் வேண்டும்.

போன மாதம் கொழும்புச் சுவடிக்கூடத்துக்குப் போனேன். அந்தப் பெட்டியில் வெறும் அட்டைதான் இருக்கிறது. உள்ளே இருந்ததைக் கறையான் தின்றதோ ஆள் தின்றதோ, அங்குள்ளவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே உலகத்தில் இருக்கும் ஒரே பிரதி 98இல் நாமிருவரும் எடுத்த கொப்பிதான். ஒருவர் வாசிக்க மற்றவர் எழுத, எட்டு மாதம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இடப்பக்கம் வாசித்தவரின் முதலெழுத்து, வலப்பக்கம் எழுதியவரின் முதலெழுத்து. பிழை வந்தால் யாருடைய கண், யாருடைய கை என்று தெரிய வேண்டுமென்று நீதான் அந்தச் சட்டம் போட்டாய்.

கொப்பியை நீ வன்னிக்குக் கொண்டுபோனாய். இப்போதும் இருக்கிறதா?

உன் மறுமொழியைப் பார்த்திருக்கும்,
சோதிலிங்கம்

*

ஒரேத்தோ, பலேர்மோ
6 மார்ச் 2025

பேராசிரியர் சோதிலிங்கம் அவர்களுக்கு,

நான் சுகம். முழங்காலும் சுகம். உங்கள் கண்ணைக் கவனியுங்கள். பேராசிரியர்களுக்கு அது தேவைப்படும் உறுப்பு.

இருபத்தேழு வருடம் கழித்து என் கொப்பி ஞாபகம் வந்ததில் மகிழ்ச்சி. 2001இல் விரிவுரையாளர் பதவிக்கு நாமிருவரும் விண்ணப்பித்தபோது நேர்முகத்தில் நீ எதைப் பேசினாய் என்று எனக்குத் தெரியும். பஸ்தியாம்பிள்ளையின் கடிதத்தைத்தான் பேசினாய். உனக்குப் பதவி கிடைத்தது. எனக்குக் கிளிநொச்சியில் ஏழாம் வகுப்புக்குச் சரித்திரம் படிப்பிக்கும் பாக்கியம் கிடைத்தது. பிறகு என் தங்கையும் உனக்கே கிடைத்தாள். அதைப் பற்றி நான் முறைப்பாடு செய்யவில்லை, வரிசையைச் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தைக் கண்டெடுத்தவன் நான். ஆங்கிலக் கோப்புகளுக்குள் கிடந்த ஒரே தமிழ்த் தாள். தோட்டத்துத் துரைக்கு வாசிக்கத் தெரியாததால் கிழிபடாமல் தப்பியது. "ஒருத்தியே இரண்டு பெயருக்கும் மருந்து குடித்தாள் ஐயா. மூன்றாம் நாள் இறந்தாள். அறிக்கையில் இரண்டு பெயரும் குணமாயின." அந்த வரிகள் இன்றைக்கும் என் காதுக்குள் கேட்கின்றன. உனக்குக் கேட்குமோ தெரியாது.

கொப்பி முள்ளிவாய்க்காலில் போய்விட்டது. பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடினேன். அந்த நேரம் தூக்கிக்கொண்டு ஓட வேறு சாமான்கள் இருந்தன. அந்த மே மாதம் நீ பேராதனையில் எந்த மாநாட்டில் இருந்தாய் என்பது நினைவில்லை.

எனக்கு இங்கே வேலை அதிகம். லிபெர்த்தா வீதியில் காலஞ்சென்ற ஒரு வைத்தியரின் நூலகம் என் பொறுப்பில் இருக்கிறது. நாலாயிரம் புத்தகம்.

இவ்வளவுக்கும் மேல் எழுத ஒன்றுமில்லாத,
இரத்தினம்

*

ஒரேத்தோ, பலேர்மோ
6 மார்ச் 2025

விஜி,

நீ நன்றாக இருக்க வேண்டும். சீனி வருத்தத்துக்கு மருந்தை நேரத்துக்குப் போடு.

உன் மனுசனுக்கு மறுமொழி போட்டிருக்கிறேன். வாசிக்கத் தருவான். உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், நீ முதலில் என் தங்கை, பிறகுதான் அவனுக்குப் பெண்சாதி. கொப்பி என்னிடம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பொலித்தீன் பையில் நந்திக்கடலைத் தாண்டி வந்தது. முகாமில் ஒருவன் சுருட்டுச் சுற்றத் தாள் கேட்டான், கொடுக்கவில்லை. இப்போது கட்டிலுக்கடியில் சூட்கேசில் இருக்கிறது. பதின்மூன்று வருடமாகத் திறக்கவில்லை. திறக்கத் தேவையில்லை, எல்லாம் பாடம்.

கொடுக்க மாட்டேன். அவனுக்கு எல்லாமே கிடைத்திருக்கிறது. ஒன்றாவது கிடைக்காமல் இருக்கட்டும்.

நூலகக் கதையையும் சொல்லிவிடாதே. நூலகம் இருக்கிறது, பொய்யில்லை. நான் அதைத் தூசி தட்டுகிறேன். மற்ற நேரம் அந்த வைத்தியரின் மனைவி, எண்பத்தெட்டு வயது சிஞ்ஞோரா எமிலியானாவைக் குளிப்பாட்டி, உடுத்தி, சோறு தீத்துகிறேன். அது உனக்குத் தெரிந்தால் காணும்.

அன்புடன்,
அண்ணா

*

கொக்குவில்
16 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

புதுவருசம் உங்களுக்கு நல்லபடியாகப் பிறந்திருக்க வேண்டுமென்று நல்லூர்க் கோயிலில் நின்று கேட்டேன். எனக்குச் சீனி குறைந்திருக்கிறது. இவருக்குக் கண் ஒப்பரேசன் வைகாசியில்.

உங்கள் கடிதத்தை இவர் இரண்டு தரம் வாசித்தார். வாசித்துவிட்டு, "இல்லையெண்டு இரத்தினம் சொன்னா இல்லைத்தான்" என்றார். "பேராதனையிலை மாநாடு ஒண்டும் இல்லை, அந்த மே மாசம் முழுக்க உங்கடை பேரைத்தானே ஒவ்வொரு முகாம் பட்டியலிலையும் தேடினார்" என்று உங்களுக்கு எழுதட்டோ என்று கேட்டேன். "அதை எழுதாதை" என்றார். எழுதிவிட்டேன்.

எனக்கு மட்டும் என்று எழுதிய கடிதமும் கிடைத்தது. அண்ணா, ஒரே வீட்டுக்கு இரண்டு உறை ஒரே நாளில் வந்தால் தபால்காரனே சிரிக்கிறான்.

சாப்பாட்டைக் கவனியுங்கள். சோறு சமைக்காமல் பாணையே தின்னாதேயுங்கள்.

உங்கள் தங்கை,
விஜிதா

*

கொக்குவில்
20 ஏப்ரல் 2025

மச்சான்,

கொப்பி போனது போனதுதான். நீ உயிரோடு வந்தது காணும்.

அந்தக் கடிதத்தை நினைவிலிருந்து எழுதி, நினைவிலிருந்துதான் எழுதுகிறேன் என்றும் சொல்லிவிடப் போகிறேன். முன்னுரையில் இப்படி வருகிறது. அச்சுக்குப் போக முன் நீ பார்க்க வேண்டும்:

"தருமம் கொடுத்தவர்களுக்கு எண்ணிக்கை தேவைப்பட்டது. எண்ணிக்கைக்குப் பெயர்கள் தேவைப்பட்டன. அக்கா தங்கை இருவரில் லயத்தை விட்டு ஓடிப்போன தங்கையின் பெயரை வெட்டிவிட மனமில்லாத கங்காணி, அக்காவையே அவளுடைய மருந்தையும் குடிக்கவைத்தான். இந்நூலின் இதயமான இச்செய்தியைச் சொல்லும் கடிதத்தை 1998இல் கண்டெடுத்தவர் நண்பர் சி. இரத்தினம். கண்டுபிடிப்பு முழுவதும் அவருடையது. நான் அதைப் பின்தொடர்ந்தவன் மட்டுமே."

சரிதானே? ஏதும் மாற்ற வேண்டுமென்றால் எழுது.

சுகமாயிரு.
சோதி

*

ஒரேத்தோ
29 மே 2025

விஜி,

மருந்து போடுகிறாயா? அவன் கண் எப்படி? கட்டு அவிழ்த்தாயிற்றா? கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிட்டேன்.

நீ அவனிடம் சொன்னாயா? கொப்பி என்னிடம் இருப்பதைச் சொன்னாயா, இல்லையா? ஒரு வரியில் மறுமொழி போடு.

அவனுடைய முன்னுரையை வேலைக்குப் போகும் வழியில், வியா மக்வேதா வீதியில் ஒரு செருப்புக்கடை வாசலில் நின்று வாசித்தேன். "முழுவதும் அவருடையது." இருபத்தேழு வருடம் நான் கேட்டது அதைத்தான். கிடைத்ததும் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். இல்லை. அவன் புத்தகம், அவன் பேனா, அதில் எனக்கு ஒரு வரி. கொடுக்கிற கை எப்போதும் அவனுடையதாகவே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சூட்கேசைத் திறந்தேன். நாளும் பெட்டி இலக்கமும் சரியா என்று பார்க்கத்தான். பஸ்தியாம்பிள்ளையின் பக்கம் நூற்றுப்பன்னிரண்டு. எழுத்து முழுக்க என் கை. வலப்பக்கம் "இ". இடப்பக்கம் "சோ".

வாசித்தவன் அவன், விஜி. பெட்டியைக் கிண்டி அந்தத் தாளை எடுத்து, "மச்சான், இஞ்சை தமிழிலை ஒண்டு கிடக்கு" என்று சொன்னவன் அவன். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் என் காதுக்குள் கேட்ட குரல் என்னுடையதில்லை. எழுதுகிறவன் கேட்பது வாசிக்கிறவனின் குரலைத்தான் என்ற சின்ன விசயம்கூட எனக்குத் தோன்றவில்லை.

இது அவனுக்குத் தெரியாதா? தெரியும். அவன் மறக்கிற ஆளில்லை. தெரிந்துகொண்டுதான் கொடுக்கிறான்.

இங்கே சிஞ்ஞோரா சாப்பிடும்போது தன் தாயின் படத்தை மேசையில் வைத்துக்கொள்வாள். தாய் மெஸ்ஸினாக்காரி. 1908ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் எல்லாரும் செத்து, ஆறு வயதில் கப்பலில் பலேர்மோவுக்குக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். படத்தில் பிள்ளை முழங்காலுக்குக் கீழே தொங்குகிற ஒரு கம்பளிக் கோட்டோடு நிற்கிறது. அமெரிக்காவில் யாரோ ஒரு சீமாட்டி அனுப்பிய கோட்டு. கழுத்தில் இலக்கம் எழுதிய அட்டை. படம் எடுத்துச் சீமாட்டிக்கு அனுப்ப வேண்டுமாம். பதினைந்து வயதுவரை ஒவ்வொரு நத்தாருக்கும் அந்த முகம் தெரியாத மனுசிக்கு நன்றிக் கடிதம் எழுதியதாம்.

"நன்றியோடு எழுதினாரா, சிஞ்ஞோரா?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு அந்தக் கோட்டைக் கண்ணில் காட்டக் கூடாது" என்றாள். "ஆனால் குளிராக இருந்ததே, இரத்தினோ."

என் கேள்விக்கு மறுமொழி போடு.

அண்ணா

*

கொக்குவில்
3 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்கு அங்கே வெயில் கூட என்று செய்தியில் பார்த்தேன். தொப்பி போடுங்கள். இவருக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. முதல் நாளே புத்தகத்தின் அச்சுத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். இங்கே இன்னும் மழையில்லை. கிணறு பாதிக்குக் கீழே போய்விட்டது. கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்தது. நீங்களும் இவரும் முன்பு ஒரு மாங்காயைப் பாதி வெட்டி, எந்தப் பாதி பெரிதென்று தராசில் நிறுத்த ஆட்கள். நான்தான் கொட்டையைச் சூப்பிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதே மாதிரித்தான் இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அண்ணா. கொப்பியை அனுப்புவதென்றால் அனுப்புங்கள். இல்லையென்றால் சூட்கேசைப் பூட்டிவிட்டு நித்திரை கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் கிடந்து வேகாதேயுங்கள்.

விஜிதா

*

ஒரேத்தோ
30 ஜூலை 2025

சோதி,

கண் நன்றாகத் தெரிகிறதென்று விஜி எழுதினாள். நல்லது. நன்றாகத் தெரிகிற கண்ணால் இதைப் பார்.

இத்துடன் கொப்பி வருகிறது. பதிவுத் தபால். தபால் கந்தோரில் உள்ள பெண் "பெறுமதி என்ன?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லையென்றேன். படிவத்தில் சைபர் போட விடமாட்டாளாம், பத்து யூரோ போட்டாள்.

ஓம், முள்ளிவாய்க்காலில் தொலையவில்லை. பொய் சொன்னேன். நீ அந்தப் புத்தகத்தை முடிக்கக் கூடாதென்று சொன்னேன். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து தலையில் இருக்கிற இரண்டு எழுத்தையும் பார். நான் பார்த்தேன். உனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

நீ எடுத்தாய், நான் எழுதினேன். 2001இல் நீ பேசியது உன்னுடையதைத்தான். இதை எழுதும்போது கை வலிக்கிறது, ஆனால் உன்னிடமிருந்து ஒரு வரி தருமமாக வாங்குவதைவிட இந்த வலி பரவாயில்லை. உன் பஸ்தியாம்பிள்ளையை நீயே வைத்துக்கொள். முன்னுரையில் என் பெயரை வெட்டு. பெயரை இரவல் வாங்கிப் பட்டியல் நிரப்புவதைப் பற்றித்தானே நீ புத்தகம் எழுதுகிறாய்.

இன்னொன்று. என் பொறுப்பில் நூலகமில்லை. ஒரு கிழவியைக் குளிப்பாட்டுகிறேன். அதையும் உன் அடிக்குறிப்பில் போடலாம்.

மன்னிப்புக் கேட்காத,
இரத்தினம்

*

கொக்குவில்
28 ஓகஸ்ட் 2025

மச்சான்,

எல்லோரும் சுகம். கொப்பி வந்து சேர்ந்தது. விஜிதா அதை மணந்து பார்த்துவிட்டு குசினிக்குள் போனாள்.

நீ பிந்திவிட்டாய். புத்தகம் ஆடியிலேயே அச்சாகி முந்நூறு பிரதி வெளியே போய்விட்டது. உன் பெயரோடுதான். ஒரு பிரதியை விஜிதாவின் பார்சலில் இந்தக் கடிதத்தோடு சேர்த்து வைக்கிறேன்.

ஓம், தெரியும். தெரியாமலா? ஆனால் அந்தத் தாளை வாசித்துவிட்டு நான் "இது தோட்டத்து விண்ணப்பம், விடு, ஆங்கிலத்திலை இருக்கிறதைப் பாப்பம்" என்று பெட்டிக்குள் திருப்பிப் போட்டதையும் நீ எழுதியிருக்க வேண்டும். "பொறு, திரும்ப வாசி" என்று பேனாவைத் திறந்தவன் நீ. அதைக் குறிக்க ஓரத்தில் எழுத்துப் போட நாங்கள் சட்டம் வைக்கவில்லை. யார் கண்டெடுத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு இருக்கிற பெயர் எனக்குக் காணும்.

இரண்டாம் பதிப்பு வருகிறது. இந்த முறை நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தைப் படமாகவே போடலாம் என்கிறார்கள், உன் கையெழுத்து அவ்வளவு அழகு. தலை ஓரத்தோடும் அச்சிடலாம், ஓரத்தை வெட்டியும் அச்சிடலாம். முன்னுரையைத் திருத்தவும் செய்யலாம், அப்படியே விடவும் செய்யலாம். நீ சொல்கிறபடி.

ஒக்டோபர் பத்தாம் திகதிக்குள் சொல். கடிதம் வராதென்றால் வாட்ஸ்அப்பில் ஒரு சொல் போதும். ஒன்றும் வராவிட்டால் இருக்கிறபடியே, உன் பெயரோடு விடுவேன்.

அந்த அம்மாவைக் குளிப்பாட்டும்போது முழங்காலைக் கவனி. என் அம்மாவை விஜிதாதான் குளிப்பாட்டினாள், எனக்கு அது தெரியாத வேலை.

சோதி

*

ஒரேத்தோ
21 செப்டம்பர் 2025

விஜி,

பார்சல் நேற்றுப் பழுதில்லாமல் வந்தது. ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் சிந்தவில்லை. உன் மருந்து எப்படி?

புத்தகத்தை வேலைக்குக் கொண்டுபோனேன். சிஞ்ஞோராவிடம் முன்னுரைப் பக்கத்தைத் திறந்து என் பெயரில் விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். ஞாயிறுகளில் எனக்குப் பதிலாக வருகிற மொரீசியஸ்காரி பிரிஜித்தும் நின்றாள். பாட்டன் பூட்டன் காலத்துத் தமிழ் வம்சம், ஓரெழுத்துத் தெரியாது.

"இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று சிஞ்ஞோரா கேட்டாள்.

"நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருக்கிறது."

"கண்டுபிடித்தாயா?"

பிரிஜித் என்னைப் பார்த்தாள். சூப் ஆறுகிறது, முதலில் குடியுங்கள் என்றேன்.

புத்தகத்தை வைத்தியரின் அலுமாரியில், மலேரியாவைப் பற்றிய தடித்த புத்தகங்களுக்கு நடுவில் வைத்தேன். நாலாயிரத்தொன்று. முதுகு சற்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

உன் மனுசனின் கடிதமும் இருந்தது. ஆறுதலாக மறுமொழி போடுவேன்.

அண்ணா

*

ஒரேத்தோ
4 நவம்பர் 2025

மச்சான் சோதி,

நீயும் விஜியும் சுகமென்று நம்புகிறேன். அங்கே மழை தொடங்கியிருக்கும், கிணறு நிறைந்திருக்கும். கண்ணுக்கு மருந்தை விடாதே.

உன் ஓகஸ்ட் கடிதம் பிந்தித்தான் கையில் கிடைத்தது. இந்த நாட்டுத் தபாலைப் பற்றி உனக்குத் தெரியும். நீ கேட்டிருந்த விசயத்துக்கு இனி எழுதிப் பிரயோசனமில்லை என்று நினைக்கிறேன், திகதியும் கடந்துவிட்டது. போனும் அந்த நாட்களில் பழுதாகியிருந்தது.

இரண்டாம் பதிப்பில் எனக்கு மூன்று பிரதி அனுப்பு. இங்கே கேட்கிறார்கள்.

உன் நாலாம் அதிகாரத்தில் அறிக்கைத் திகதி ஒன்று பிழை. ஆறாம் அதிகாரம் நீளம். உனக்குக் குறுக்கி எழுத ஒருநாளும் வரவில்லை. ஐந்தாவது பரவாயில்லை.

சிஞ்ஞோராவுக்கு இருமல். சன்னல்களைச் சாத்தி வைக்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

இரத்தினம்